மழை பத்திரமாக இருக்கிறது

சுங்கை பினாங்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கபிலனுக்கு,

சுதர்ஷினி எழுதுவது. நான் நலம். லீட்ஸ் குளிர் உங்கள் முழங்காலை விட்டுவைத்திருக்கும் என்று நம்புகிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற மனைவி எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். என்ன சாப்பிட்டாய், அங்கே வெயிலா என்பதைத் தாண்டி நம் இருவருக்கும் போனில் வாய் வருவதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் உங்கள் பழைய கணினியின் கதை. தூக்கம் வரவில்லை, அந்தத் தகரக் கூரை மழைச் சத்தத்தை அனுப்பு என்று கேட்டீர்கள் அல்லவா? தேடி எடுக்கலாம் என்று திறந்தால், கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மைக்கை நீட்டி நீங்கள் பதிந்த மழைகள், ஃபெரிக் கப்பலின் ஊதல், காலைச் சந்தையின் இரைச்சல் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. வேறெங்கும் பிரதி இல்லை.

நம் ஃபிளாட்டுக்குக் கீழே கணினி பழுது பார்க்கும் இக்மலிடம் போனேன். உள்ளே இருப்பது அழிந்திருக்காது, வேறொரு சிஸ்டத்தை சிடியில் ஏற்றிப் போட்டால் கணினி அதை வைத்து எழுந்துகொள்ளும் என்றார். பெரிய கெட்டிக்காரியாக நானே அவர் கடைக் கணினியில் அந்த சிஸ்டத்தின் கோப்பை இறக்கி, சிடியில் காப்பி செய்து போட்டேன். கணினி திரும்பியும் பார்க்கவில்லை. "அக்கா, பாட்டு ஏத்துற மாதிரி ஏத்திட்டீங்க லா, இத இமேஜா பர்ன் பண்ணணும், அப்பதான் கம்ப்யூட்டர் எழுந்துக்கும்" என்று இக்மல் சிரித்துவிட்டு, வேறு சிடியில் அவரே ஏற்றிக் கொடுத்தார்.

இந்த முறை சிடி உள்ளே முனகியபடி சுற்றியது. மெல்ல ஒரு நீலத் திரை வந்தது. திரையில் எப்போதும் இருக்கும், நாம் லங்காவியில் எடுத்த படம் இல்லை, தெரிந்த எதுவும் இல்லை. கணினி தூங்கியபடியே கனவு காண்கிறது என்று தோன்றியது. ஆனால் உள்ளே தேடிப் போனால் உங்கள் சத்தங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. உடனே பென்டிரைவில் போட்டுக்கொண்டேன்.

அப்புறம்தான் கவனித்தேன். இணையத்தில் சேர்த்ததும் மூலையில் இருந்த கடிகாரம் எட்டு மணி நேரம் பின்னால் போய், உங்கள் ஊர் நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. வெளியே நம் ஊர் மத்தியானம், துணிகள் கம்பில் காய்கின்றன. திரைக்குள் உங்களுக்கு இன்னும் விடியவில்லை. நீங்கள் புரண்டு படுக்கிற அறையில், ஓர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது. எழுந்திருக்க மனமே வரவில்லை.

அந்த மயக்கத்தில் அதிலேயே உங்களுக்கு ஒரு நீண்ட கடிதம் அடித்தேன். இன்னும் மூன்று வருடத்துக்கு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவா என்று கேட்டீர்கள், உங்கள் விருப்பம் என்றேன். அது பொய் என்று எழுதினேன். அதற்கு மேலும் நிறைய எழுதினேன். சேமித்து, கணினியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனேன். மறுநாள் சிடியைப் போட்டால் அதே நீலத் திரை, துடைத்து வைத்த மாதிரி. கடிதம் இல்லை. சிடியில் எழுப்பும் சிஸ்டத்துக்கு ஞாபகம் கிடையாது, அணைத்தால் எல்லாம் போய்விடும், பென்டிரைவ்தான் இருந்ததே, லெட்டரை மட்டும் ஏன் அதில் போடவில்லை என்று இக்மல் கேட்டார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபம் உங்கள் மேலும்தான்.

நீங்கள் கேட்ட மழையை நேற்றுப் போட்டுக் கேட்டேன். கார் நிறுத்துமிடத்துத் தகரக் கூரையில் அது கொட்டிக்கொண்டே இருக்கிறது. நடுவில் என் குரல். "சோறு ஆறிப்போவுது லா, சாப்பிட வாங்க." அன்றைக்கு எப்படிக் கத்தினீர்கள், நினைவிருக்கிறதா? நல்ல மழையைக் கெடுத்துவிட்டாய், இதை அழித்துவிட்டு வேறு பதிய வேண்டும் என்றீர்கள். அழிக்கவில்லை. என் மூச்சுச் சத்தம்கூட விழாத மழைகள் அதற்குள் எத்தனையோ இருக்கின்றன. நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டது இதைத்தான்.

ஒரு பொத்தானை அழுத்தினால் இந்த நிமிடமே உங்களிடம் வந்துவிடும். நான் அழுத்தவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. மழை வந்துவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும். தூக்கம் வந்துவிட்டால் அந்த ஊரும் பழகிவிடும், கையெழுத்தும் போட்டுவிடுவீர்கள்.

நம் சாமி தண்ணீர்மலையான் உங்களுக்குத் துணையிருக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். மழை பத்திரமாக இருக்கிறது.

சாப்பிட வாங்க.

உங்கள்
சுதர்ஷினி