வளைகாப்பு அன்று கொடுத்த லீவ் லெட்டர்

ஜூலை 8, செவ்வாய்

பகல் முழுக்கப் புழுக்கம். சாயங்காலம் காற்று திரும்பி, தோல் பதனிடும் ஷாப் நாற்றம் வீட்டுக்குள். ஜன்னலைச் சாத்தினால் பாப்பாவுக்கு வேர்க்கிறது, திறந்தால் இருமல்.

மேல்முறையீட்டு மனு மறுபடி எழுதினேன், மறுபடி கிழித்தேன். கோபமாக எழுதினால் வசவாக வருகிறது. பணிவாக எழுதினால் தப்பு செய்தவள் நான்தான் என்பது போல.

பணிநீக்க ஆணையைப் படிக்கக் கூடாது என்று இருந்தேன். படித்தேன். 'எவ்விதத் தகவலுமின்றிப் பணிக்கு வராமல்.' 'இருப்பிடம் அறிய இயலாத நிலையில் குறிப்பாணை வீட்டுக் கதவில் ஒட்டப்பட்டது.' அப்போது நாங்கள் இருந்த வாடகை வீட்டின் பூட்டிய கதவு. நான் பிரசவத்துக்குக் காவேரிப்பாக்கத்தில், அம்மா வீட்டில். என் வீட்டுக்காரர் இங்கே ஆம்பூரில், தன் அண்ணன் வீட்டில். தலைப்பிரசவத்துக்குப் பெண் எங்கே போவாள் என்று அந்த ஆபீஸில் ஒருத்தருக்கும் தெரியாதாம். வழியனுப்பி வைத்ததே அவர்கள்!

வளைகாப்பு ஆபீஸில்தான் செய்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரம், ரெக்கார்டு ரூமில் நாற்காலி போட்டு. புளி சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம், இன்னும் என்னென்னவோ. சூப்ரண்டு சார் அப்பா ஸ்தானம் என்று சொல்லி முதல் ஆளாக அட்சதை தூவினார். மகப்பேறு விடுப்புக் கடிதத்தை அப்போதுதான் அவர் கையில் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "நீ நல்லபடியா பெத்து எடுத்துனு வாம்மா. மத்தத நான் பாத்துக்குறேன்."

பார்த்துக்கொண்டார்.

கன்னம் நிறையச் சந்தனம், முழங்கை வரை வளையல். அந்த நேரத்தில் 'தபாலில் பதிஞ்சு சீல் போட்டுக் குடுங்க சார்' என்று யாருக்குக் கேட்க வாய் வரும்? கேட்டிருக்கணும்.

ஜூலை 9, புதன்

செய்ய வேண்டியவை: மனு நகல். பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு. பிறப்புச் சான்று. கேஸ் புக்கிங். பாப்பாவுக்கு இருமல் மருந்து. நசீமா அக்காவுக்கு போன்.

இன்னொரு கொடுமை: மனு மேலதிகாரிக்கு, ஆனால் உரிய வழியாகப் போகணும். உரிய வழி என்றால் சூப்ரண்டு மேஜை வழியாக. அவர்மேல் எழுதியதை அவரிடமே நீட்டணும்.

அவருக்கு என்மேல் பகை ஒன்றும் கிடையாது. அதுதான் வயிறு எரிகிறது. கடிதம் சட்டையோடு சலவைக்குப் போயிருக்கும். தொலைத்தேன் என்று சொல்ல மனசில்லாமல், வரவே இல்லை என்று எழுதிவிட்டார். அவ்வளவுதான். அதற்கு என் வேலை.

நசீமா அக்கா, டைப்பிஸ்ட், மேல்விஷாரத்திலிருந்து வருபவர். எனக்கு முதல் வளையல் போட்டவர். வளைகாப்பு போட்டோ அவர் போனில்தான் எடுத்தது. கேட்டேன். "அது எப்பவோ டெலிட் ஆயிடுச்சும்மா. என்னை இதுல இழுக்காத. எனக்கு சர்வீஸ் இன்னும் ஜாஸ்தி கிடக்குது. அந்த ஆளு பேஜார் பண்ணிடுவாரு."

சரிக்கா என்றேன். போனை வைத்துவிட்டுப் பாத்திரங்களை ஓசையோடு தேய்த்தேன்.

இவர் வந்தார், கையெல்லாம் ஷூ கம்பெனி பசை வாசனை. விட்டுத் தள்ளு, எங்க ஹெச்.ஆர்.கிட்ட சொல்லி உன்னை உள்ள சேத்துடுறேன் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து படித்து குரூப் 4 பாஸ் செய்த வேலை இது. யாரிடமும் சொல்லி வாங்கினதில்லை. சாப்பாடு போட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

மழை. துணி காயவில்லை. பாப்பா கட்டிலைப் பிடித்துத் தானாக நின்றாள். யாரிடமும் சொல்லாமல் கொஞ்ச நேரம் நானே வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் வாட்ஸ்அப்பில் போட்டோ. நசீமா அக்கா. ஒரு வார்த்தை எழுதவில்லை. தன்னை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார். அவர் கை மட்டும் மிச்சம், என் மணிக்கட்டில் வளையலை ஏற்றியபடி. பின்னால் சூப்ரண்டு, அட்சதைக் கையோடு, சிரிப்பு. சட்டைப் பையில் மடித்த வெள்ளைத்தாள்.

இவர் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, "நம்ம லெட்டர்தான் அது" என்றார். எழுத்து தெரியாத தாள் எதற்கு ஆகும்? ஆனால் என் வயிறு தெரிகிறது. அவர் சிரிப்பு தெரிகிறது. எனக்கு ஒன்றும் தெரியாது என்று இனி எப்படிச் சொல்வார்?

மனுவின் மூன்றாவது பத்தியைத் திருத்தி எழுதினேன். வளைகாப்பு, கடிதம், பிறந்த குழந்தையின் பெயர், எல்லாம். பணிவு கம்மி. இருக்கட்டும்.

அக்காமேல் கோபம் போகவில்லை. பாதி போனது.

ஜூலை 14, திங்கள்

காலை பஸ்ஸில் உட்கார இடமில்லை, பாப்பா இடுப்பில். ஆபீஸில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தபால் பார்க்கும் ஆள் லீவாம், அந்த இடத்தில் நசீமா அக்கா. மனுவையும் நகலையும் வைத்தேன். சூப்ரண்டு எழுந்து வந்தார். "வச்சுட்டுப் போம்மா. சீல் அப்புறம் போட்டுக்கலாம், நான் பாத்துக்குறேன்."

அதே வார்த்தை.

சீல் போட்ட நகல் இல்லாமல் போக மாட்டேன் என்றேன். சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பாப்பா அழுதாள். துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு அங்கேயே பால் கொடுத்தேன். ஆண்கள் ஒவ்வொருவராக டீ குடிக்கப் போனார்கள். சூப்ரண்டு போகவில்லை. அக்கா மனுவைப் புரட்டினார், போட்டோ ஒட்டிய பக்கத்தில் நின்றார், தன் கையைப் பார்த்தார். சீலை எடுத்து நகலில் ஒரே குத்து. கீழே முழுப் பெயர் எழுதிக் கையெழுத்து, தேதி. என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

கிளம்பினேன். கதவருகே சூப்ரண்டு, ஒன்றும் நடக்காதது போலப் பாப்பா கன்னத்தைத் தொட வந்தார். பாப்பாவை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

"பேர் இன்னாம்மா வச்சிருக்க?"

"மனுவுல இருக்குது சார். மூணாவது பத்தி. படிங்க."