அக்காவைக் கட்டிப்போடும் ஆயிரம் பக்கங்கள்

மார்ச் 3, செவ்வாய்

மதியம் கடைக்கு ஒரு வக்கீல் வந்தார். "நான் ரொம்ப வேகமாப் படிப்பேன், பெரிய நாவலாப் பாத்துக் குடும்மா" என்றார். இப்படிக் கேட்கிறவர்களில் பாதிப் பேருக்குப் பெரிய நாவல் என்பது வரவேற்பறைக்கு அலங்காரம். ஒரு புத்தகத்தைப் பிரித்துக் கையில் கொடுத்துவிட்டு அவர் கண்ணைக் கவனித்தேன். நிஜமாகவே வேகம்தான். உரையாடல் குறைவாக, பத்தி பத்தியாக நிறைந்து கிடக்கும் ஒன்றைத் தேடிக் கொடுத்தேன். பக்கத்தில் வெள்ளை அதிகம் இருந்தால் எண்ணூறு பக்கமும் ஒரே நாளில் காலி. முதலாளிக்கு இதெல்லாம் பிடிபடாது. புத்தகத்தைத் தராசில் வைத்து விற்காத குறைதான்.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள். டாக்டரம்மா அக்காவைப் படுக்கையில் போட்டுவிட்டாராம். ஆறாவது மாதம். இதற்கு முன் இரண்டு தடவையும் இந்தக் கட்டத்தில்தான் கைநழுவிப் போனது. "பிரசவம் வரைக்கும் பாத்ரூமுக்கு மட்டும்தான் எந்திரிக்கணுமாம். உங்கக்காவைப் படுக்க வைக்கிறதும் தண்ணியை மூட்டை கட்டுறதும் ஒண்ணு" என்றாள்.

அம்மாவுக்கு ஒன்று தெரியாது. கையில் நல்ல நாவல் இருந்தால் வீடு பற்றி எரிந்தாலும் அக்கா எழுந்திருக்க மாட்டாள். அவளுக்குக் கயிறு வேண்டாம், ஆயிரம் பக்கம் போதும். இது என் துறை.

மார்ச் 5, வியாழன்

மூன்று நாவல்கள் கொண்டுபோனேன். அத்தான் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது படிக்கவா, சுவர் எழுப்பவா?" என்றார்.

படித்த இடத்தில் அடையாளம் வைக்கக் கடையில் இலவசமாகத் தரும் அட்டைகளையும் பையில் போட்டிருந்தேன். அக்கா அவற்றை எடுத்து விசிறி எறிந்தாள். "பாதியில நிறுத்துறவங்களுக்குத்தான் இதெல்லாம்." பள்ளிக்கூடத்துக் காலத்திலிருந்து இதே திமிர்.

ஒரு மாதம் தாங்கும்.

மார்ச் 9, திங்கள்

மூன்றும் முடிந்ததாம். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

மார்ச் 14, சனி

இந்த முறை தீர யோசித்துத் தேர்ந்தெடுத்தேன். கல்குவாரி ஊர் ஒன்றில் ஒரு கொலை, மூன்று தலைமுறைப் பகை, ஆயிரத்து இருநூறு பக்கம். ஒரு சிக்கல்: அக்கா இடப்பக்கம் ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். ஒற்றைக் கையால் அந்தச் செங்கல்லைப் பிடிக்க முடியாது. ஒரு தடவை நழுவி வயிற்றுக்குப் பக்கத்தில் விழுந்தது. அம்மா அலறிய அலறலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பக்க மூலையை மடிக்கிறவர்களைக் கடையில் வைத்து நான் என்ன பாடு படுத்துவேன்! அந்த நானே இன்று பிளேடு எடுத்தேன். முதுகுத் தையலோடு சேர்த்து அறுத்து, மூன்று துண்டாக்கிவிட்டேன். அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். "ஆபரேஷன் சக்சஸ்" என்றேன்.

முதல் இரண்டு துண்டு அக்கா கையில். மூன்றாவது, அவள் அறையில் இருக்கும் அலமாரியின் உச்சியில். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை வரை இறக்கக் கூடாது என்று அத்தானுக்கு உத்தரவு. கேட்டதும் கொடுத்தால் மறுநாளே காலி செய்துவிடுவாள். ரேஷன் என்றால் ரேஷன்தான். எவ்வளவு புத்திசாலி நான்.

மார்ச் 18, புதன்

அக்கா போனில் கெஞ்சினாள். "ரெண்டாவது துண்டும் முடியப்போகுதுடி." மசியவில்லை.

மார்ச் 19, வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

இரண்டாவது துண்டு எங்கே முடிகிறது என்று நான் பார்க்கவே இல்லை. தடிமனைப் பார்த்து அறுத்தேன். அது முடிகிற இடத்தில் மூத்த மருமகள் கிணற்றுக்குள் தொங்குகிறாள். கயிறு ஒவ்வொரு புரியாக அறுகிறது. அத்தோடு சரி, அடுத்த பக்கம் அலமாரி உச்சியில். அத்தான் வேலைக்குப் போய்விட்டார், அம்மா குளிக்கப் போயிருக்கிறாள். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறியிருக்கிறாள். ஏறினாள், எடுத்தாள், இறங்கும்போது ஸ்டூல் ஆடியது. விழவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் ரத்தம்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டிலில் வெளுத்துப்போய்க் கிடந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுவும் போயிடுமாடி?" என்றாள். போர்வையை இழுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "அவ பொழச்சாளா?" என்றாள். யாரைக் கேட்கிறாள் என்று புரியவே எனக்கு நேரமாயிற்று.

"பொழச்சுட்டாக்கா."

கதையில் அப்படித்தான். செத்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

கடவுளே. யாருக்கு எந்தப் புத்தகம்னு எல்லாம் தெரிஞ்ச மாதிரி என்ன ஆட்டம் ஆடினேன். என் வாயில மண்ணள்ளிப் போட.

மார்ச் 20, வெள்ளி

ரத்தம் நின்றுவிட்டது. ஸ்கேனில் குழந்தை துள்ளுகிறதாம். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். நடந்ததைச் சொன்னேன். முறைத்தார். வெளியே வரும்போது, "அந்தப் புத்தகம் உங்க கடையில இருக்கா?" என்றார்.

இருக்கிறது. முழுசாகத்தான் கொடுப்பேன்.

மார்ச் 27, வெள்ளி

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். கூரையையே பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். புத்தகம் வேண்டாமாம். "பயமா இருக்குடி. படிச்சா ஓடணும் போல இருக்கு." வயிற்றில் கை வைத்தபடிதான் இதைச் சொன்னாள்.

அழுதுகொண்டிருந்தால் ஆகுமா? கடைக்கு வந்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்தேன். தப்பு எங்கே என்று புரிந்தது. நான் நீளத்தைப் பார்த்தேன், பத்தியைப் பார்த்தேன். அத்தியாயம் எங்கே முடிகிறது என்று பார்க்கவில்லை. வேகமாக ஓடுகிறவளுக்குப் பாதை நீண்டிருந்தால் மட்டும் போதுமா? நடுநடுவே உட்கார இடம் வேண்டாமா?

கீழ்த்தட்டில் கிடைத்தது. ஒரு சர்க்கஸ் கம்பெனி ஊர் ஊராகப் போகிறது. ஒரு ஊருக்கு ஒரு அத்தியாயம். கூடாரம் போடுகிறார்கள், ஏதோ நடக்கிறது, கூடாரத்தைச் சுருட்டுகிறார்கள். ஆயிரத்து நூறு பக்கம். எங்கே மூடினாலும் யாரும் கிணற்றில் தொங்க மாட்டார்கள்.

மார்ச் 29, ஞாயிறு

கொடுத்தேன். அத்தான் மடியில் தலையணையைப் போட்டு அதன் மேல் புத்தகத்தை நிறுத்தினார். இனி பிளேடு இல்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

"இதுல ஒண்ணுமே நடக்கலையேடி!"

"ஆமாக்கா. அதான் குடுத்தேன்."

ஏப்ரல் 12, ஞாயிறு

அதிசயம். இன்னும் நூறு பக்கம்கூடத் தாண்டவில்லை. உடம்புக்கு ஏதாவதோ என்று பதறிப்போய்க் கேட்டேன். விஷயம் வேறு. அத்தானுக்குப் பாடப்புத்தகம் தவிர எதுவும் படித்துப் பழக்கமில்லை. புத்தகத்துக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்த மனிதர், "சும்மாதானே இருக்கேன், எனக்கும் சேத்து வாய்விட்டுப் படியேன்" என்றிருக்கிறார். கண்ணுக்கு இருக்கும் வேகம் நாக்குக்கு ஏது? அதோடு அவர் கேள்வி வேறு கேட்கிறாராம். "அந்தக் கோமாளிக்குச் சம்பளம் ஒழுங்காக் குடுக்கிறாங்களா?" அக்கா புத்தகத்தை மூடிவிட்டு அரைமணி நேரம் வாதாடுகிறாள்.

நாளுக்கு ஒரு ஊர்கூட ஆவதில்லை. இது எனக்குத் தோன்றவில்லை, அத்தானுக்குத் தோன்றியது. போகட்டும், புத்தகம் நான் கொடுத்ததுதானே.

மே 6, புதன்

வக்கீல் மறுபடி வந்தார். "இன்னும் பெரிசா ஏதாவது இருக்கா?" என்றார். "வீட்டுல யாருக்காவது வாய்விட்டுப் படிச்சுக் காட்டுவீங்களா சார்?" என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். சர்க்கஸைக் கட்டிக் கொடுத்தேன். ஒரே மாதத்தில் ஆறாவது பிரதி. முதலாளி என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், அது ஒரு அபூர்வக் காட்சி.

மே 25, திங்கள்

ஒன்பதாவது மாதம் நடக்கிறது. சர்க்கஸில் நொண்டிக் குதிரைக்குக் காய்ச்சல். விடிந்தால் டாக்டரம்மாவிடம் போக வேண்டிய நிலையிலும் அத்தானுக்கு அந்தக் குதிரையைப் பற்றித்தான் கவலை. "உனக்குத் தெரியும்ல, சொல்லு" என்று என்னைச் சமையலறையில் வைத்து மடக்கினார். உயிரே போனாலும் சொல்ல மாட்டேன் என்றேன்.

ஜூன் 10, புதன்

பெண். தாயும் சேயும் நலம். அம்மா அழுதாள், அத்தான் அழுதார், நானும் அழுதேன். அக்கா மட்டும், "ஏன் எல்லாரும் இப்படி நிக்கிறீங்க, பிள்ளையைப் பாருங்க" என்றாள்.

ஜூன் 20, சனி

கடை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனேன். கட்டில் காலியாக இருந்ததைப் பார்த்து ஒரு நிமிடம் பக்கென்றது. அப்புறம்தான் உறைத்தது. ஜன்னல் பக்கம் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி நடந்துகொண்டிருந்தாள். இத்தனை நாள் அவள் நடந்து நான் பார்த்திருக்கவில்லை.

தலையணைக்குப் பக்கத்தில் சர்க்கஸ் மூடிக் கிடந்தது. நடுவில் ஏதோ வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது. பிரித்தேன். ஆஸ்பத்திரியில் குழந்தை கையில் கட்டுவார்களே, அந்தப் பட்டை. வெட்டி எடுத்து, குதிரைக்குக் காய்ச்சல் வந்த ஊருக்கு அடுத்த ஊரில் வைத்திருக்கிறாள்.

"என்னக்கா, பாதியில நிறுத்துறவங்க வைக்கிறதாச்சே இது?"

"சும்மா இருடி. குதிரை என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லிடாதே." குழந்தையின் முதுகை நீவிக்கொண்டே இன்னொரு சுற்று நடந்தாள். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."