கிமாயோவின் முதுகு இல்லாமல் பத்து கிலோமீட்டர்

ஜனவரி 7, செவ்வாய்

இன்றும் ஓடவில்லை. ஷூ லேஸைக் கட்டினேன். பிறகு அவிழ்த்தேன். நடுவில் ஒரு டீ.

மாரத்தான் முடிந்து முப்பது நாள். கோச் யாதோர் மூன்று வாரம்தான் ஓய்வு கொடுத்தார். என்னைவிட நான்கு வயது சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "சுத்தமா ஓடாதீங்கக்கா. வேனைப் பிடிக்கக்கூட ஓடாதீங்க" என்றார். அவர் சொன்னதில் நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தது இது ஒன்றைத்தான்.

ஸ்பெயினில் நடந்ததை எழுத வேண்டும் என்று டிசம்பரிலிருந்து நினைக்கிறேன். எழுதிவிடுகிறேன். முதல் பத்து கிலோமீட்டரை மிக வேகமாக ஓடினேன். முப்பத்திரண்டாவதில் நடந்தேன். ஓரமாக நின்ற ஒரு பெரியவர் பாதி ஆரஞ்சை நீட்டி என்னவோ சொன்னார். மொழி புரியவில்லை, பரிதாபம் புரிந்தது. அவ்வளவுதான்.

ஜனவரி 9, வியாழன்

கல்யாணமான நாளிலிருந்து, ஒன்பது வருடமாக, பயிற்சியில் எனக்கு முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுப்பவன் என் புருஷன் கிமாயோ. எங்கள் ஊரான இட்டெனில் பாதி புருஷன்மார்களுக்கு இதுதான் வேலை. இன்று காலை ஓடிவிட்டு வந்து, முகம் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"எட்னா கேட்டா. அவளுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி ஓடித் தர்றேன்னு சொல்லிட்டேன். நீ தயாராகற வரைக்கும்."

"நான் தயாராத்தான் இருக்கேன்."

அப்போது என் கையில் நாலாவது சப்பாத்தி இருந்தது. அவன் அதைப் பார்த்தான். டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தான். நல்ல மனுஷன்.

யாதோரிடம் பயிற்சி எடுக்கும் எட்னாவுக்கு இருபத்திரண்டு வயது.

ஜனவரி 20, திங்கள்

ஓடினேன். நாற்பது நிமிடம். மேட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகப் பையோடு என்னைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தி திரும்பிப் பார்த்து, "சித்தி, வழி தெரியலையா?" என்று கேட்டாள்.

ஜனவரி 21, செவ்வாய்

கால் வலி. படி இறங்க முடியவில்லை. நல்லவேளை, வீட்டில் மாடி கிடையாது. தேவாலயத்தில் மூன்று படிதான். பக்கவாட்டில் இறங்கினேன்.

பிப்ரவரி 3, திங்கள்

கூட்டத்தோடு ஓடப் போனேன். "யாரு இது, ரோடாக்காவோட அக்காவா?" என்றார் யாதோர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஐந்து கிலோ கூடியிருக்கிறேன். சந்தையில் எல்லோரும் இப்போதுதான் நான் மனுஷி மாதிரி இருப்பதாகச் சொல்கிறார்கள்.

என்னை மெதுவாக ஓடுகிறவர்களின் மூன்றாவது கூட்டத்தில் போட்டார். முதல் கூட்டம் வளைவில் திரும்பும்போது தெரிந்தது. கிமாயோ. அவனுக்குப் பின்னால் ஒரு மீட்டரில் எட்னா, செம்மண் படிந்த முட்டியோடு, அவன் முதுகையே பார்த்துக்கொண்டு.

அந்த முதுகை எனக்குத் தெரியும். களைத்தால் இடது தோள் இறங்கும். மேடு வருவதற்கு முன்பே குனியும். அவன் முகத்தைவிட நான் அதிகம் பார்த்தது அதைத்தான். வேறொருத்தி பார்த்தால் என்ன? தேய்ந்தா போகும்?

போகாது. இருந்தாலும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

சண்டை. சோள மாவில் உகாலிக் களி கிண்டும்போது ஆரம்பித்தது.

"போதும், எங்கூட வா" என்றேன்.

"ஏப்ரல் பந்தயம் வரைக்கும் அவளுக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

"எனக்குக் குடுத்த வாக்கு?"

"அது கல்யாணத்துக்கு, ரோடா. ஓட்டத்துக்கு இல்ல."

உகாலி அடிப்பிடித்துவிட்டது. இருவரும் தின்றோம்.

பிறகு அவன் மெதுவாகக் கேட்டான்: "ஸ்பெயின்ல என்னதான் ஆச்சு உனக்கு? இங்க ஒருநாள்கூட நீ அப்படிக் கண்ணுமண்ணு தெரியாம கிளம்பினதில்லையே."

தூக்கம் வருகிறது என்றேன். வரவில்லை.

பிப்ரவரி 19, புதன்

அவன் கேட்டதற்குப் பதில் இதுதான். அங்கே எனக்கு முன்னால் அவன் இல்லை. எது என் வேகம் என்று எனக்குத் தெரியவில்லை. முப்பத்து நாலு வயது, பதினைந்து வருட ஓட்டம் — என் வேகம் எனக்குத் தெரியாது! இதை யாரிடம் போய்ச் சொல்ல? முன்னால் போன எத்தியோப்பியப் பெண் யாரென்றே தெரியாமல் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஜெயிக்கிறவள். நான் செத்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

மொய்பென் சாலை. தனியாக. வாட்சைப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு கிலோமீட்டர் ஓடி, எவ்வளவு ஆகியிருக்கும் என்று ஊகித்துவிட்டுப் பார்ப்பது.

ஊகம்: மூன்று நிமிடம் முப்பது. உண்மை: நான்கு நிமிடம் இரண்டு.

மார்ச் 4, செவ்வாய்

பத்து நொடி தப்பு. சாலையில் ஒரு கழுதை மட்டும் சாட்சி.

மார்ச் 22, சனி

மழை தொடங்கிவிட்டது. சேற்றில் இரண்டு மணி நேரம். ஷூ ஒவ்வொன்றும் ஒரு கிலோ. ஊகத்தில் மூன்று நொடிதான் தப்பு.

வீட்டுக்கு வந்தால் கிமாயோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எட்னாவின் வேகம் அவனை உறிஞ்சுகிறது. "காலு வலிக்குதா?" என்று கேட்டேன். "எப்பவும் வலிக்கிறதுதான்" என்றான். எப்பவுமா? ஒன்பது வருடத்தில் நான் கேட்டதே இல்லை. முன்னால் ஓடுகிறவனுக்கு வலிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 12, சனி

நாளை எல்டொரெட், பத்து கிலோமீட்டர். பெண்கள் மட்டும் தனியாக ஓடுவது. யார் புருஷனும் முன்னால் வர முடியாது.

ஏப்ரல் 13, ஞாயிறு

துப்பாக்கி வெடித்ததும் எட்னா வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி போய்விட்டாள். அவளோடு பத்துப் பதினைந்து பேர். எனக்கும் கால் பரபரத்தது. போகலாமா? போகவில்லை. முதல் கிலோமீட்டர் மூன்று இருபத்திரண்டு இருக்கும் என்று நினைத்தேன். சாலையோர நேரப் பலகையில் மூன்று இருபத்திரண்டு. எனக்கு நாற்பதாவது இடம். சாலையோரத்தில் ஒருவர், "அம்மா, கோயிலுக்கா?" என்றார்.

ஐந்துக்குப் பிறகு ஆட்கள் உதிர ஆரம்பித்தார்கள். நான் வேகத்தைக் கூட்டவில்லை. அவர்கள்தான் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள்.

எட்டாவது கிலோமீட்டரில் எட்னா. தலை ஆடிக்கொண்டிருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இடமும் வலமும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் கண்ணாடியில் பார்த்ததில்லை. ஆனால் ஸ்பெயினில் ஆரஞ்சு நீட்டிய அந்தப் பெரியவர் பார்த்திருப்பார்.

தாண்டிப் போயிருக்கலாம். போகத்தான் போனேன். இரண்டு அடி போன பிறகு வாய் தானாகச் சொன்னது: "வா. என் பின்னாடி வா. ஒண்ணும் யோசிக்காத."

வந்தாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. இரண்டு கிலோமீட்டர் அப்படியே இழுத்துக்கொண்டு போனேன். கடைசி நூறு மீட்டரில் அவள் என்னைத் தாண்டி ஓடிவிட்டாள். அவள் ஐந்தாவது. நான் ஆறாவது, முப்பத்து மூன்று நிமிடம் நாற்பது நொடி.

"ரொம்ப நன்றிக்கா" என்றாள், குனிந்து நின்றுகொண்டு. வாயைத் திறந்தால் வாந்தி வரும் என்பதால் நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன்.

கிமாயோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவன் யாரிடம் முதலில் போவான்? பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். என்னிடம்தான் வந்தான். அழுதிருந்தான் போல, தூசி என்று சொன்னான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

கிமாயோ சொன்னான்: "வாக்கு முடிஞ்சுது. இனிமே உனக்கு முன்னாடி வரட்டுமா?"

"வேண்டாம். நீ ஒரு மாசம் ஓடாத."

"ஓடாம என்ன பண்றது?"

"டீ, சப்பாத்தி, தூக்கம். அது தானா வரும்."

ஏப்ரல் 22, செவ்வாய்

மழை விட்டிருந்தது. கிமாயோ வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். அவன் தூங்க, நான் ஓடக் கிளம்புவது ஒன்பது வருடத்தில் இதுதான் முதல் தடவை. கதவை மெதுவாகச் சாத்தினேன்.

வெளியே எட்னா கைகளை ஊதிக்கொண்டு நின்றாள். "அக்கா, இன்னைக்கு யாரு முன்னாடி?"

"ரோடு அகலமாத்தானே இருக்கு? பக்கத்துல வா" என்றேன்.