கேட்டால் மட்டும் சொல்லவும்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்ளத்தான் முடிகிறது, நீ எழுதி இரண்டு மாதமாகிறதே. தலைமை அலுவலகத்தில் பெரிய நாற்காலி கிடைத்ததும் தங்கையை மறந்துவிட்டாய் என்கிறார் உன் மாப்பிள்ளை. உனக்காக வாதாடி எனக்கு வாய் வலிக்கிறது. வெயில் ஆரம்பித்துவிட்டதால் அவருக்கு ஏசி ரிப்பேர் வேலை நிற்க நேரமில்லாமல் வருகிறது. பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் ஜன்னல் திறந்த மாதிரி இருக்கிறது.

நீ சொல்லி வாங்கிக் கொடுத்த வேலையில் குறையில்லை. இப்போது மூன்றாம் எண் பில் கவுண்டரில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஏசி நேராக என் தலைமேல்தான் அடிக்கிறது. மேற்பார்வையாளரை நாங்கள் 'விறைப்பு சார்' என்று கூப்பிடுகிறோம். கழுத்து டையைக் கழற்றினால் தலை கீழே விழுந்துவிடும் என்கிற மாதிரி நடப்பார்.

நேற்று நடந்த ஒன்று மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. பஸ் ஓட்டுகிற அம்மா ஒருவர் வந்தார். நல்ல உயரம், ஐம்பது வயதிருக்கும். கையில் உறை, அதற்குள் நம் கடையின் பரிசுக் கூப்பன். இருபது வருஷம் விபத்தே இல்லாமல் ஓட்டியதற்குப் பணிமனையில் கொடுத்தார்களாம். ஒரு மணி நேரம் சுற்றி ஒரு ஜோடி ஷூவும் ஒரு ஜோடி சாக்ஸும் எடுத்துவந்தார். "பிரேக்க மிதிக்கிற காலுக்கு ஒரு தடவையாவது நல்லது வாங்கிப் போடணும்மா" என்று சிரித்தார். கூப்பனுக்குச் சரியாக வரும்படி மனக்கணக்குப் போட்டு எடுத்திருந்தார்.

ஆனால் கூப்பன் என்று அடித்ததுமே பில்லில் 'சே.க.' என்று ஒரு வரி தானாக வந்து விழும். நூற்றுக்கு நாலு. மொத்தம் கூப்பனைத் தாண்டினால் மிச்சத்தைக் கையிலிருந்து கொடுக்க வேண்டும்.

"சே.க.ன்னா என்னம்மா?"

"வழக்கமா வர்றதுதாம்மா" என்றேன். அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

"எங்க எழுதிப் போட்டிருக்கு?"

நான் திரையைப் பார்த்தேன். "இருபது வருஷம் யாரையும் இடிக்காம ஓட்டுனேன்னு குடுத்தது இது. இதுலயே கை வைக்கிறீங்களே" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. சாக்ஸை எடுத்துத் தனியாக வைத்தார். ஷூவை மட்டும் வாங்கிக்கொண்டு, பில்லை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அந்த சாக்ஸை அதன் இடத்தில் திரும்ப வைக்க நான்தான் போனேன், அக்கா. கை கூசியது. இதை எந்த மகராசன் உட்கார்ந்து யோசித்தானோ! உன் ஆபீஸில் யாருக்காவது தெரிந்தால் கேட்டுச் சொல்.

முத்தங்களுடன்,
உன் வாலு


மார்ச் 11

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எழுதாமல் இருந்தது என் தப்புதான். மாப்பிள்ளையிடம் நான் ஒப்புக்கொண்டதாகச் சொல்லிவிடு, உன் வாய்க்கு ஓய்வு கிடைக்கட்டும். பாப்பாவின் ஜன்னல் சிரிப்பைப் போட்டோ எடுத்து அனுப்பு. ஏசிக் காற்று நேராகத் தலையில் பட்டால் உனக்குச் சளி பிடிக்கும். கழுத்தைச் சுற்றி ஏதாவது போட்டுக்கொள்.

அந்தக் கட்டணத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். இதெல்லாம் எல்லாப் பெரிய கடைகளிலும் உள்ளதுதான். கூப்பன் அச்சடித்துத் தரும் நிறுவனத்துக்குக் கடை ஒரு பங்கு தரவேண்டியிருக்கிறது, அதை ஈடுகட்டத்தான். நீ பில் போடுகிறவள், அவ்வளவுதான். மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த அம்மா எழுத்தில் ஏதாவது புகார் கொடுத்தாரா? கொடுத்தால் எனக்கு ஒரு வரி எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அவருக்கு என்ன வயது என்றாய், ஐம்பதா?

அன்புடன்,
அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

வயசு ஐம்பதேதான். ஆனால் இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டால் வயசை மறந்துவிடுவாய்.

போன ஞாயிற்றுக்கிழமை கடையில் கால் வைக்க இடமில்லை. பதினோரு மணி இருக்கும். கதவைத் திறந்துகொண்டு ஓட்டுநர் அம்மா உள்ளே வந்தார். பின்னாலேயே ஒருவர், அவருக்குப் பின்னால் ஒருவர் என்று வந்துகொண்டே இருந்தார்கள். முப்பத்தொரு பேர், அக்கா. எல்லோரும் ஓட்டுநர்கள், எல்லோரும் சீருடையில், எல்லோர் கையிலும் அதே உறை. 'வந்தாங்கடா கலாட்டா பண்ண' என்று விறைப்பு சார் டையைப் பிடித்துக்கொண்டார்.

கலாட்டாவே இல்லை. ஆளுக்கு ஒரு பொருள் எடுத்தார்கள். ஒருவர் டார்ச், ஒருவர் குடை, ஒருவர் துண்டு. ஐந்து கவுண்டரிலும் வரிசையில் நின்றார்கள். பில் வந்ததும் ஒவ்வொருவரும் அதே கேள்வியைக் கேட்டார்கள். "இந்த சே.க. என்னம்மா?" நாங்கள் அதே பதிலைச் சொன்னோம். "எங்க எழுதிப் போட்டிருக்கு?" நாங்கள் திரையைப் பார்த்தோம். "சரிம்மா, நீங்க சொன்னதையே பில்லுக்குப் பின்னாடி எழுதிக்கிறேன். சரியா எழுதியிருக்கேனான்னு ஒரு தடவ பாத்துருங்க." எழுதினார்கள், காட்டினார்கள், கட்டணத்தையும் கொடுத்தார்கள், நன்றி சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்றார்கள்.

என்னிடம் ஒருவரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

அப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பின்னால் நின்ற மற்ற வாடிக்கையாளர்கள், ஏற்கெனவே பில் போட்டு வெளியே போய்க்கொண்டிருந்தவர்கள், ஒவ்வொருவராகப் பைக்குள் கைவிட்டுத் தங்கள் பில்லை எடுத்துப் பிரித்தார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி, கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர், புதுசாகக் கல்யாணமான ஜோடி. கடை பூராவும் காகிதம் சரசரக்கிற சத்தம். மழை நெருங்கி வருகிறபோது தூரத்து மரங்களிலிருந்து ஒரு சத்தம் வருமே, அதே மாதிரி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு மனுஷி குரலை உயர்த்தாமல் இவ்வளவு பெரிய கடையைப் பேச்சு மூச்சில்லாமல் நிற்க வைத்துவிட்டார், அக்கா!

போகும்போது என் கவுண்டருக்கு வந்தார். "உங்க மேல எனக்கு வருத்தம் இல்லம்மா. என் பஸ்ஸுல டிக்கெட் விலைய வாசல்லயே ஒட்டியிருக்கோம். எறங்கும்போது படிக்கட்டுக்குத் தனியா காசு கேட்டா நீங்க குடுப்பீங்களா?" என்றார். மாட்டேன் என்று தலையாட்டினேன். விறைப்பு சார் பார்த்துவிட்டார்.

நீ கேட்டாயே, இப்போது எழுத்திலேயே கொடுத்துவிட்டார். நுகர்வோர் நீதிமன்றத்தில்.

உன் வாலு


மார்ச் 25

வாலு,

அவசரமாக எழுதுகிறேன். இந்த விவகாரத்தில் நீ தலையிடாதே. ஒன்றும் பேசாதே, யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதே. இன்னும் ஆறு மாதத்தில் உன் வேலை நிரந்தரமாகும். மாப்பிள்ளையின் வேலை மழைக்காலம் வந்தால் படுத்துவிடும், பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டும். இதையெல்லாம் யோசித்துப் பார்.

நீ எழுதிய அந்தக் காகிதச் சத்தத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஏனென்று கேட்காதே.

அக்கா


ஏப்ரல் 7

அக்கா,

நீ சொன்னதைத்தான் முதலில் செய்தேன். ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பத்தாவது நாள் ஒரு பள்ளிக்கூட ஆயா கூப்பனோடு வந்தார். தண்ணீர் பாட்டில்கள் நாலை எடுத்து வைத்தார். பொத்தானை அழுத்தப் போன விரல் நின்றுவிட்டது. "அம்மா, கூப்பன்ல வாங்குனா நூத்துக்கு நாலு தனியா புடிப்பாங்க. பணமா குடுத்தா புடிக்க மாட்டாங்க. இப்பவே சொல்லிட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. அன்றைக்குப் பூராவும் வந்த எல்லோருக்கும் சொன்னேன். மாலைக்குள் பக்கத்துக் கவுண்டர் பெண்களும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

மறுநாள் மெமோ. விறைப்பு சார் தன் அறைக்குக் கூப்பிட்டார். "விதிய மீறியிருக்கே. தலைமை அலுவலகச் சுற்றறிக்கையே இருக்கு, படிச்சுப் பாரு" என்று ஒரு தாளை மேஜைமேல் போட்டார்.

படித்தேன். 'பரிசுக் கூப்பன்களுக்கான சேவைக் கட்டணம் பில்லில் சே.க. என்று சுருக்கமாக மட்டும் அச்சாகும். அறிவிப்புப் பலகை தேவையில்லை. வாடிக்கையாளர் கேட்டால் மட்டும் சொல்லவும்.'

கீழே திட்டப் பிரிவு என்று போட்டு ஒரு கையெழுத்து. என் பள்ளிக்கூட மார்க் அட்டையில் அப்பாவுக்குப் பதிலாகப் போட்டுக் கொடுப்பாயே, அதே கையெழுத்து.

என்னைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே பெட்டிகளைத் தவிர யாரிடமும் பேச வேண்டியதில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

நான் கேட்டபோதே சொல்லியிருக்கலாம்.


ஏப்ரல் 16

என் தங்கைக்கு,

பெயர் கூடப் போடாமல் கடிதத்தை முடித்திருந்தாய். அது எனக்குச் சேரவேண்டியதுதான்.

எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கூட்டம். நீளமான மேஜை, ஏழு ஆண்கள், நான். கூப்பன் நிறுவனம் தன் பங்கைக் கூட்டியிருந்தது. "இத நாம ஏன் சுமக்கணும்? யாராச்சும் வழி சொல்லுங்கப்பா" என்றார் முதலாளி. எல்லோரும் தேநீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து வருஷமாக அந்த மேஜையில் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றைக்கு நானாகவே வாயைத் திறந்தேன். "வாடிக்கையாளர்கிட்டயே வாங்கிடலாம் சார். சின்னத் தொகையா இருந்தா யாரும் பாக்க மாட்டாங்க." முதலாளி மேஜையைத் தட்டினார். "பாத்தீங்களா, மூளை!" என்றார். அந்த வாரமே எனக்குத் தனி அறை கிடைத்தது. உனக்கு வேலை கேட்கிற தைரியமும் அந்த அறையில்தான் வந்தது.

அந்த இரண்டெழுத்துச் சுருக்கமும் நான் யோசித்ததுதான். முழுதாக எழுதினால் கேட்பார்கள் என்று.

உன் கடிதம் வரும்வரை அது எனக்கு ஒரு சதவீதக் கணக்கு, அவ்வளவுதான். அதற்கு முகம் கிடையாது. நீ எழுதிய பிறகு கண்ணை மூடினால் ஓர் உயரமான பெண்மணி சாக்ஸைத் தனியாக எடுத்து வைக்கிறார். முப்பத்தொரு பேர் என்று நீ எழுதினாய். எனக்கு பயம்தான் முதலில் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். பயம் இறங்கிய பிறகு வந்தது வேறொன்று. கட்டணத்தையும் கொடுத்து நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்கள் என்றாயே, அதை நினைத்து வியந்து மாளவில்லை எனக்கு. எங்கள் மேஜையில் இருந்த எட்டு மூளையிலும் சேர்த்து அப்படி ஒரு யோசனை வந்திருக்காது.

என்னைத் திட்டியாவது எழுது.

அக்கா


மே 18

வாலு,

ஒரு மாதமாகிவிட்டது. பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதா? அதையாவது எழுது.

அக்கா


ஜூன் 13

அன்புள்ள அக்காவுக்கு,

முளைத்துவிட்டது. முயல் பல்.

நேற்று நீதிமன்றத்தில் நான் இருந்தது உனக்குத் தெரியாது. கிடங்கில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தேன். கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால். ஓட்டுநர் அம்மாவின் ஆட்கள் முன்னால் நிறைந்திருந்தார்கள். கம்பெனி வக்கீல் அரை மணி நேரம் பேசினார். "கட்டணம் கூப்பன் நிறுவனத்தோடது, கடைக்கு ஒண்ணுமே தெரியாது, யாரும் திட்டம் போட்டு மறைக்கல" என்று அடித்துச் சொன்னார். முப்பத்தொரு பில்லையும் பார்த்து, "பில் போடற பொண்ணுங்க தெரியாம சொன்னது" என்று எங்கள் தலையில் கட்டினார். எனக்கு எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் ஓட்டுநர் அம்மா தரப்புச் சாட்சி என்று கூப்பிட்டார்கள். பக்கக் கதவு திறந்தது. நீ வந்தாய்.

இளைத்துவிட்டாய். அந்தச் சாம்பல் புடவை உனக்கு ஒட்டவே இல்லை. கையில் ஒரே ஒரு கோப்பு. கூண்டில் ஏறும்போது படி தடுக்கியது, நான் இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டிவிட்டேன்.

சுற்றறிக்கையை நீயே படித்தாய். ஒரு வார்த்தை விடவில்லை.

"இதுல 'கேட்டால் மட்டும் சொல்லவும்'னு இருக்கே, இந்த வரிய எழுதுனது யாரு?" என்று ஓட்டுநர் அம்மாவின் வக்கீல் கேட்டார். நீ முதலாளியைக் கை காட்டுவாய் என்று அவர் நினைத்திருப்பார். நானும்தான் நினைத்தேன்.

"நான்தான்" என்றாய்.

"நீங்க எங்க வேலை பாக்கறீங்க?"

"நேத்து வரைக்கும் அங்கதான் பாத்தேன். இன்னைக்கு எங்கயும் இல்ல."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி உன்னைப் பார்த்தார். நான் பிறந்ததிலிருந்து உன்னைப் பார்க்கிறேன். எனக்கு ஜடை போட்டுவிட்டவள், என் மூக்கைத் துடைத்துவிட்டவள். நேற்று அந்தக் கூண்டில் நின்றது யாரென்றே எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு பெரிதாகத் தெரிந்தாய். பக்கத்தில் இருந்தவர் மேல் மோதிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன், சேவகர் வந்து உட்கார வைத்தார்.

தீர்ப்பு வரும்வரை எந்தக் கிளையிலும் அந்தக் கட்டணத்தை வாங்கக்கூடாது என்று நேற்றே உத்தரவு போட்டுவிட்டார்கள். நீ அதைக் கேட்கக்கூட நிற்கவில்லை. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் ஆட்டோ ஏறிப் போய்விட்டாய். என் வீடு நாலு தெரு தள்ளி இருக்கிறது.

வாசலில் ஓட்டுநர் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு வந்தார். "நீ மூணாம் கவுண்டருதான? உள்ள சாட்சி சொன்னாங்களே, அந்தம்மா உனக்கு யாரும்மா?"

"எங்க அக்கா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ்ளோ பெரிய காரியத்துக்குத் தனியாவா வந்தாங்க? கூட யாரும் வரலியா?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் உன் மாப்பிள்ளையிடம் அதைத்தான் முதலில் சொன்னேன்.

கோபம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் எழுதமாட்டேன். நீ வந்தால் ஒரு நாள் பூராவும் உன்னிடம் சண்டை போட வேண்டியிருக்கிறது. சத்தம் போட்டுத்தான் போடுவேன். உன் மாப்பிள்ளை முன்னறையைக் காலி செய்து, உனக்காகக் கட்டில் போட்டிருக்கிறார். ஏசி மாட்டட்டுமா என்று கேட்கிறார், உனக்கு ஆகாது என்று சொல்லியிருக்கிறேன்.

இதற்குப் பதில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. கிளம்பி வா.

உன் தங்கை