இடது கண்ணில் நான் அழித்த புள்ளி

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. மத்தியானம் போனில் "சிக்னல் போகுது, ஒண்ணும் கேக்கல" என்று சொல்லி வைத்தேனே, அது பொய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நீ கடைசியாகச் சொன்னதும் தெளிவாகவே கேட்டது.

நாளைக் காலை பத்து மணிக்குக் கண் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டதாகச் சொன்னாய். என்ன வந்தாலும் அதைத் தள்ளிப்போடாதே. மாப்பிள்ளைக்கு ஆபீஸில் லீவு கிடைக்காவிட்டால் நீ மட்டுமாவது பட்டாணிக் குட்டியைக் கூட்டிக்கொண்டு போ. இந்த மெயிலோடு பதினொரு படங்கள் அனுப்பியிருக்கிறேன். பட்டாணியின் இரண்டாவது பிறந்தநாளுக்கு உன் வீட்டில் எடுத்தவைதான். நீ நூறு தடவை பார்த்திருப்பாய். ஆனால் இந்த நிலையில் பார்த்திருக்க மாட்டாய். அவற்றை டாக்டரிடம் காட்டு.

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வழக்கம்போல ஏதாவது ஒரு சாமானிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அந்தச் சின்ன கேமரா நினைவிருக்கிறதா? சட்டைப் பையில் போடுகிற மாதிரி, பழைய மாடல், ஒருவர் பயன்படுத்தியதை வாங்கினேன். இப்போது எல்லோரும் அதைத்தான் தேடித் தேடி வாங்குகிறார்கள் என்று நானும் வாங்கினேன். கூரியர்காரர் மணி அடித்ததும் உன் அண்ணி, "உங்க அடுத்த பிள்ளை வந்துருச்சு, போய் வாங்கிக்கோங்க" என்றாள். ஏற்கெனவே துணி வைக்கிற அலமாரியில் பாதி என் லென்ஸ்தான் இருக்கிறது. அவள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

என் பெரிய கேமராவில் பிளாஷைக் கூரையைப் பார்த்துத் திருப்பித்தான் அடிப்பேன். வெளிச்சம் மேலே பட்டு மெதுவாகக் கீழே இறங்கும். முகம் பூப்போல வரும், கண்ணில் ஒன்றும் தெரியாது. இந்தச் சின்னதில் பிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வெளிச்சம் நேராகக் கண்ணுக்குள் போய்த் திரும்பி வரும். அதனால்தான் இதில் எடுத்தால் எல்லோருக்கும் கண் சிவந்து தெரியும். மாப்பிள்ளை கூட அன்றைக்கு ஒரு படத்தில் ஏழு நாள் தூங்காதவர் மாதிரி இருந்தார், நீ சிரித்தாயே.

பட்டாணிக்கு வலது கண்தான் சிவந்திருந்தது. இடது கண்ணில் வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தது.

நான் அதைப் பார்த்தேன். பார்க்கவே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். கம்ப்யூட்டரில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் பட்டிருக்கும் என்று நினைத்தேன். பழைய கேமரா, லென்ஸில் தூசி இருக்கும் என்றும் நினைத்தேன். அழகான படம், கெட்டுப்போகிறதே என்றுதான் எனக்குக் கவலை. வலது கண்ணின் சிவப்பைக் கருப்பாக்கினேன். பிறகு அந்தக் கருப்பை வெட்டி எடுத்து இடது கண்ணின் மேல் ஒட்டினேன். ஒரு படத்துக்குப் பத்து நிமிஷம் ஆனது. பதினொரு படத்துக்கும் அப்படியே செய்தேன். ஒட்டிய தடம் கூடத் தெரியவில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

எட்டு மாதம் கழித்து நேற்று எனக்குப் பெருமை அடித்துக்கொள்ளத் தோன்றியது. எங்கள் போட்டோ குழுவில், படத்தைத் திருத்துவது எப்படி என்று யாரோ கேட்டிருந்தார். சும்மா இருக்கிற ஆளா நான்? பட்டாணி படத்தை முன்னால், பின்னால் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டேன். வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள் வந்து விழுந்தன. ஒருவர் மட்டும் ஒன்றும் போடவில்லை. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், பறவைகளை மட்டுமே எடுப்பார், குழுவில் வாயே திறக்க மாட்டார். இன்று காலை அவர் நேராகப் போன் செய்தார்.

"சார், அந்தக் குழந்த யாரு?" என்றார் முதலில். தங்கை பெண் என்றேன். "மொதல் படத்துல இடது கண்ணுல இருக்கறது அழுக்கு இல்ல சார். ஒரு கண்ணு மட்டும் வெள்ளையா மின்னுனா உள்ள புரையோ கட்டியோ இருக்கலாம், உடனே டாக்டர்கிட்ட காட்டணும். சில சமயம் கோணத்தால கூட அப்படி வரும், ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். அன்னைக்கு எடுத்த வேற படம் இருக்கா?" என்று கேட்டார். போனைக் கையில் பிடித்துக்கொண்டே பழைய கோப்புகளைத் திறந்தேன். கேக் வெட்டும்போது, மேஜைக்கு அடியில் ஒளிந்திருந்தபோது, உன் தோளில், மாப்பிள்ளை மடியில். முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அதே கண். எண்ணிச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "இதெல்லாம் திருத்தாம அப்படியே டாக்டருக்குப் போகணும் சார்" என்றார்.

அதற்குப் பிறகுதான் உன்னைக் கூப்பிட்டு, "பட்டாணிய உடனே கண் டாக்டர்கிட்ட காட்டு" என்றேன். காரணம் கேட்டால் என்ன சொல்வது என்று பயந்துகொண்டிருந்தேன். நீ கேட்கவே இல்லை. உடனே ஆஸ்பத்திரியில் விசாரித்து நேரம் வாங்கிவிட்டு, என்னைத் திரும்பக் கூப்பிட்டாய். அப்போதுதான் அதைச் சொன்னாய். "எனக்கும் மூணு மாசமா ஒரு மாதிரி இருந்துச்சுண்ணா. சாயங்காலம் லைட் போடறதுக்கு முன்னாடி அவ திரும்பும்போது அந்தக் கண்ணு மின்னும். அப்புறம் நீ குடுத்த பிறந்தநாள் ஆல்பத்த எடுத்துப் பார்த்தேன். ரெண்டு கண்ணும் நல்லா கருப்பா இருந்துச்சு. அண்ணன் எடுத்த படத்துலயே இல்லையே, நமக்குத்தான் வீண் பயம்னு விட்டுட்டேன்."

அந்த இடத்தில்தான் சிக்னல் போனது.

நீ சந்தேகப்பட்டு, சரியான இடத்தில்தான் போய்த் தேடியிருக்கிறாய். பதில் அங்கே இருந்தது. நான் அதை அழித்து, நல்ல தாளில் அச்சடித்து, ரிப்பன் கட்டி உனக்குக் கொடுத்திருக்கிறேன். தெரியாமல் செய்ததுதான் என்று உன் அண்ணி சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் போன மூன்று மாதத்தை நான் எந்தக் கடையில் ஆர்டர் செய்து வரவழைப்பது?

மாப்பிள்ளையிடம் மறைக்காதே. மச்சான்தான் அழித்தார் என்று சொல்லிவிடு. சோபாவுக்கு மேல் மாட்டியிருக்கிற பெரிய படத்தை இன்றைக்கே கழற்றிவிடு. அதில் இருப்பது அவள் இடது கண் இல்லை. டாக்டர் எப்போதிலிருந்து என்று கேட்டால் மூன்று மாதம் என்று சொல்லாதே, எட்டு மாதம் என்று சொல். படங்களில் தேதி இருக்கிறது.

எங்கள் வண்டி நாளை விடியற்காலை கிளம்புகிறது, மதியத்துக்குள் உன் வீட்டில் இருப்போம். கேமரா எதுவும் எடுத்து வரவில்லை. என்னைத் திட்டுவதற்கு அப்போது நேரம் இருக்கும். இப்போது குழந்தைக்குச் சாப்பாடு கொடுத்துத் தூங்க வை, நீயும் சாப்பிடு.

டாக்டரைப் பார்த்து வெளியே வந்ததும் உன் போனிலேயே அவளை ஒரு படம் எடுத்து அனுப்பு. கை ஆடினாலும் சரி, பாதி முகம்தான் விழுந்தாலும் சரி, அழுத கண்ணாக இருந்தாலும் சரி. பட்டாணி எப்படி இருக்கிறாளோ அப்படியே அனுப்பம்மா. நான் எதையும் தொட மாட்டேன்.

அவள் கண்ணுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டிக்கொண்டே,
உன் அண்ணன்