தலைவருக்கும் தூக்கமில்லை

ஏங்க,

சாப்பாடு மேஜைமேல் இருக்கிறது. வேலைக்குக் கிளம்பும்போது சாவியை மாடி வீட்டு அக்காவிடம் கொடுங்கள். குழாய் ரிப்பேர்காரர் பத்து மணிக்கு வருகிறார்.

நேற்று நீங்கள், “யார்கிட்டயாவது மனசுவிட்டுப் பேசேன்” என்றதற்கு, “நான் என்ன பைத்தியமா?” என்று கத்திவிட்டுப் போனேனே, நேராக மீட்புப் படையினருக்கான மனநல ஆலோசனைக் கூட்டத்துக்குத்தான் போனேன். உள்ளே எங்கள் படைத் தலைவர் உட்கார்ந்திருக்கிறார்! “கட்டடம் இடிஞ்சதிலேர்ந்து எனக்கும் தூக்கமே இல்லம்மா, வந்து உட்காரு” என்றார். அப்புறம் என்ன, மடை திறந்த மாதிரி கொட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். இன்றைக்கும் போகிறேன், கால் தரையில் பாவவில்லை.

கத்தியதற்குக் கோபம் வேண்டாம்.

பி.கு.: இடிபாட்டிலிருந்து நான் தூக்கி வந்த குழந்தையைப் பற்றி உங்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. சாயங்காலம் சீக்கிரம் வாருங்கள், சொல்கிறேன்.