கழற்றி வைத்த பிளக்

என் வீட்டு மெக்கானிக் ஐயாவுக்கு,

நேரில் சொன்னால் ரேடியோ சத்தத்தைக் கூட்டுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருக்குமோ என்று சந்தேகம், சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். இருந்தாலும் பெரும்பாலும் மெதுவாகத்தான் வளருமாம்; சீக்கிரம் கண்டுபிடித்தால் சமாளிக்கலாமாம். நீங்களோ, "வலியே இல்ல, எதுக்கு நோண்டணும்?" என்று எழுந்து வந்துவிட்டீர்கள். ஒர்க் ஷாப்பில் எவனாவது "வண்டி ஓடுதே" என்றால் மட்டும், "நடுரோட்டுல நின்னாத்தான் கொண்டு வருவியா?" என்று காய்ச்சி எடுக்கிறீர்கள்!

ஊருக்குத்தான் உபதேசமா?

நாளைக் காலையில் ஸ்கூட்டரை உதைத்துப் பயனில்லை. அதன் ஸ்பார்க் பிளக்கும் மாற்று பிளக்கும் என் கைப்பையில் இருக்கின்றன. ஆஸ்பத்திரிக்கு டாக்சி சொல்லிவிட்டேன்.

கழற்றும்போது ஸ்பேனர் இரண்டு முறை நழுவி விழுந்தது. கோபத்தில்தான்.

இப்படிக்கு,
உங்களைப் பார்த்தே ஸ்பேனர் பிடிக்கக் கற்ற உங்கள் மனைவி